ஆறரை சைஸ் கிளவுஸ்: ஒரு ஸ்க்ரப் நர்ஸின் மதிப்பீடு

எந்த கிளவுஸ் வாங்கலாம் என்று மருத்துவமனையில் முடிவெடுக்கும்போது சர்ஜனைக் கேட்பார்கள், கணக்குப் பிரிவைக் கேட்பார்கள், ஸ்டோரில் இருப்பவரைக் கேட்பார்கள். ஓர் ஆபரேஷனில் அந்தக் கிளவுஸை அதிக நேரம் போட்டிருப்பவர் யாரோ, அவரைக் கேட்பது அபூர்வம். நோயாளி மேஜைக்கு வருமுன்பே கை கழுவி, கவுன் போட்டு, ட்ராலி விரித்து, கருவிகளை அடுக்கி, ரத்தம் ஒற்றும் மாப் துணிகளை எண்ணி வைத்துவிட்டு நிற்பவர் ஸ்க்ரப் நர்ஸ். கடைசித் தையல் போட்டதும் டாக்டர் கிளவுஸைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார். கட்டுப் போட்டு, கருவிகளைச் சரிபார்த்து, ஊசியையும் பிளேடையும் பத்திரமாக அப்புறப்படுத்தும்வரை நர்ஸின் கையில் கிளவுஸ் இருக்கும். அந்தக் கையிலிருந்துதான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கம்பெனிப் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. டெண்டர் மாறினால் கம்பெனியும் மாறிவிடும். எந்தப் பொருளில் செய்தது, பவுடர் உண்டா, எந்த சைஸ் என்ற மூன்று கேள்விகள் மட்டும் எந்த டெண்டரிலும் நிற்கும். பொது அறுவை, எலும்பு அறுவை இரண்டு தியேட்டர்களிலும் வேலை பார்க்கிறேன். நர்சிங் முடித்த பிறகு ஆபரேஷன் ரூம் நர்சிங்கில் ஓராண்டு டிப்ளமோவும் படித்தேன்.

சைஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் பெரிய சண்டை அதோடுதான். சர்ஜிக்கல் கிளவுஸ் அரை அரையாகக் கூடும்: ஆறு, ஆறரை, ஏழு, ஏழரை, எட்டு. என் கைக்கு ஆறரை. எங்களோடு வேலை செய்யும் பெண்களில் பலருக்கு ஆறரை, சிலருக்கு ஆறு. ஆனால் நான் வேலை பார்த்த இடங்களில் அலமாரியைத் திறந்தால் ஏழும் ஏழரையும் மலையாகக் குவிந்திருக்கும். ஆறரை எப்போதும் தீர்ந்துபோயிருக்கும். ஏழு சைஸைப் போட்டால் விரல் நுனியில் காற்றுப்பை போலக் கொஞ்சம் ரப்பர் தொங்கும். தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரைப் பூட்டும்போது அந்த நுனி இடுக்கில் மாட்டிக் கிழியும். மெல்லிய தையல் நூலை எடுத்தால் நூல் விரலுக்குத் தெரியாது, ரப்பர் மடிப்புதான் தெரியும். டாக்டர் கை நீட்டிய நொடியில் கருவி உள்ளங்கையில் போய் விழ வேண்டிய வேலையில் இந்த மில்லிமீட்டர்கள் பெரிய விஷயம்.

இந்த எரிச்சலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ரப்பர் கிளவுஸ் ஆபரேஷன் தியேட்டரில் நிலைத்த வழக்கமானதே ஒரு தியேட்டர் நர்ஸின் கைக்காக வாங்கியதிலிருந்துதான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, காலியான அந்த ஆறரைத் தட்டைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ்களுக்கான நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கே சேர்ந்த பெண்கள் தேர்ச்சி பெற வேண்டிய வேலைகளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் மருந்து வைத்துக் கட்டுவது, அட்டை விடுவது, எனிமா கொடுப்பது, பேண்டேஜ் சுற்றுவது, முறிவுக்கான சிம்புகளுக்கு உறை தைப்பது, நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சுவது என்று போகும் அது. நடுவில் ஒரே வரி: ஆபரேஷன்களில் உடனிருக்க வேண்டும். அவ்வளவுதான். அங்கே என்ன செய்ய வேண்டும், எதை அறிந்திருக்க வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. அந்த வேலைக்கென்று தனி அறிவு உண்டு என்ற எண்ணமே அன்று பிறக்கவில்லை.

அந்த எண்ணத்தைப் பிறக்க வைத்தது கிருமி. கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் 1865இல் கிருமி கொல்லும் கார்பாலிக் அமிலத்தைக் காயங்களில் பயன்படுத்தத் தொடங்கி, 1867இல் முடிவுகளை வெளியிட்டார். அதன்பின் கருவி, துணி, கை எல்லாம் மருந்தில் முங்கின. இருபது ஆண்டுகளுக்குள் ஜெர்மனியில் நீராவியால் கிருமி நீக்கும் முறை வந்தது. இப்போது தியேட்டரில் புதிதாக ஒரு வேலை முளைத்துவிட்டது. எது சுத்தம், எது தொட்டுக் கெட்டது என்று முதலிலிருந்து கடைசிவரை மனதில் வைத்திருக்க ஒருவர் வேண்டும். வெட்டுகிறவர் காயத்தைப் பார்ப்பாரா, இதைப் பார்ப்பாரா? ஸ்க்ரப் நர்ஸ் என்ற ஆள் அங்கேதான் உருவானார். அவர் கைகளுக்குக் கேடு வந்ததும் அங்கேதான்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறந்தது. அறுவைப் பிரிவின் தலைவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அவருடைய தியேட்டருக்குப் பொறுப்பு நர்ஸாக வந்தவர் கரோலின் ஹாம்ப்டன். 1861இல் தெற்குக் கரோலினாவில் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின் தளபதி வேட் ஹாம்ப்டனின் தம்பி மகள். சிறு வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட, அத்தைமார் வளர்த்தார்கள். வீட்டாரின் விருப்பத்தை மீறி நியூயார்க்குக்குப் போய் நர்சிங் படித்து 1888இல் முடித்தார். அடுத்த ஆண்டே ஹாப்கின்ஸில் தியேட்டர் இன்சார்ஜ்.

ஹால்ஸ்டெட்டின் தியேட்டரில் கை கழுவும் முறையைப் படித்தபோது எனக்கு உள்ளங்கை கூசியது. சோப்புப் போட்டுத் தேய்த்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் முக்கி, அந்தக் கறை போகச் சூடான ஆக்ஸாலிக் அமிலத்தில் முக்கி, கடைசியில் பாதரச குளோரைடு கரைசலில் முக்க வேண்டும். இன்று குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுத் தேய்த்தே குளிர்காலத்தில் விரல் இடுக்கு வெடிக்கிறது. அவர்கள் தோலை உரித்தெடுக்கும் மருந்துகளில் நாள் முழுக்கக் கை நனைத்தார்கள். 1889-90 குளிர்காலத்தில் கரோலினுக்குக் கையிலும் முழங்கை வரையிலும் தோல் அழற்சி வந்துவிட்டது. வேலையை விடுவதா, தோலை இழப்பதா என்ற நிலை. தன் தியேட்டரின் மிகத் திறமையான ஆளை இழக்க மனமில்லாத ஹால்ஸ்டெட், நியூயார்க்கில் இருந்த குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் மெல்லிய ரப்பரில், மணிக்கட்டுக்கு மேலும் நீளும் கையுறை இரண்டு ஜோடி செய்து தரச் சொன்னார். போட்டுப் பார்த்தார்கள், சரியாக வந்தது, மேலும் வாங்கினார்கள்.

இதைப் பல இடங்களில் ஒரு காதல் கதையாக எழுதியிருக்கிறார்கள். 1890 ஜூனில் இருவருக்கும் கல்யாணமும் ஆனது, உண்மைதான். ஆனால் தியேட்டரில் நிற்கிறவள் என்ற முறையில் எனக்கு இது முதலில் வேலையிடத்தில் ஒரு தொழிலாளியின் உடம்புக்கு வந்த கேடும், அதற்குக் கிடைத்த பாதுகாப்புச் சாதனமும். கட்டிட வேலைக்காரருக்குத் தலைக்கவசம் என்றால் இவருக்குக் கிளவுஸ். நோயாளிக்குத் தொற்று வராமலிருக்க என்று அங்கே யாரும் அன்று நினைக்கவேயில்லை. கருவிகளை மருந்திலிருந்து எடுத்துக் கொடுப்பவர்கள் போட்டார்கள், உதவி டாக்டர்கள் போட்டார்கள். கத்தி பிடித்தவர்தான் தொடு உணர்ச்சி குறையும் என்று பல ஆண்டுகள் வெறுங்கையோடே வெட்டினார். 1890களின் பிற்பாதியில் அங்கே ஜோசப் பிளட்குட் என்ற இளம் சர்ஜன் தானும் தவறாமல் போடத் தொடங்கி, ஹெர்னியா ஆபரேஷன்களின் கணக்கை 1899இல் வெளியிட்டபோதுதான் காயத் தொற்று எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தது. நர்ஸின் தோலைக் காக்க வந்த சாதனம் கோடிக்கணக்கான நோயாளிகளைக் காத்தது.

கல்யாணத்துக்குப் பின் கரோலின் தியேட்டரை விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் மணமான பெண் நர்ஸாகத் தொடர்வது நடவாத காரியம். ஆகவே கிளவுஸ் தியேட்டரில் தங்கியது, அது யாருக்காக வந்ததோ அவர் வெளியே போனார். 1922 செப்டம்பரில் ஹால்ஸ்டெட் இறந்தார், நவம்பரில் கரோலினும். கிளவுஸ் வந்த கதையை இன்று நாம் படிப்பது ஹால்ஸ்டெட் 1913இல் எழுதியதை வைத்துத்தான். அந்த நர்ஸுக்கு என்ன வலித்தது, முதல் ஜோடியைப் போட்டபோது கை எப்படி இருந்தது என்பது அதில் இல்லை. அதே காலத்தில் மின்னசோட்டாவில் மேயோ சகோதரர்களின் தியேட்டரில் மயக்கமருந்து கொடுத்த நர்ஸ் ஆலிஸ் மேகா, 14,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் அனுபவத்தை 1906இல் தன் பெயரிலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். ஒரு தொழில் தனித் துறையாவது இப்படித்தான் என்று நினைக்கிறேன்: செய்கிறவர் தன் கையால் எழுத வேண்டும்.

தனித் துறை என்ற அந்த இடம் சும்மாவும் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் நர்ஸ் பற்றாக்குறையைச் சமாளிக்க அமெரிக்காவில் தியேட்டர் டெக்னீஷியன்களைப் பயிற்றுவித்தார்கள். போர் முடிந்ததும், தியேட்டருக்கு நர்ஸ் எதற்கு என்ற கேள்வி வந்தது. 1949இல் நியூயார்க்கில் தியேட்டர் கண்காணிப்பாளர்கள் சிலர் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1954இல் பாஸ்டனில் அதன் முதல் தேசிய மாநாடு. இங்கிலாந்தில் டெய்சி அய்ரிஸ் முன்னின்று 1964இல் தியேட்டர் நர்ஸ்களின் தேசிய சங்கத்தை அமைத்தார். நம் நாட்டிலும் இந்திய நர்சிங் கவுன்சில் ஆபரேஷன் ரூம் நர்சிங்குக்கு ஓராண்டு டிப்ளமோ வைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்தவரை வார்டுக்கு மாற்றிவிட்டுப் புதியவரைத் தியேட்டரில் நிறுத்தும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அந்தப் படிப்பை அது அவமதிக்கிறது.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

இன்று நாம் ஒருமுறை போட்டு எறியும் கிளவுஸ் 1960களில் பரவத் தொடங்கியது. நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் அதற்குப் பின்னும் வெகுகாலம் கழுவி மறுபடி போட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஓய்வுபெற இருந்த ஓர் அக்கா அதை விவரமாகச் சொல்வார். ஆபரேஷன் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் அலசி, வாயை இறுக்கிக் காற்றை அடைத்துத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்களாம். ஓட்டை இருந்தால் ரப்பர்த் துண்டு ஒட்டுவார்கள். பிறகு இருபுறமும் உலர்த்தி, பவுடர் தடவி, சைஸ் பார்த்து ஜோடி சேர்த்து, துணி உறையில் மடித்து, டிரம்மில் வைத்து, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்புவார்கள். “நைட் டூட்டின்னா கிளவுஸ் டூட்டிதான்ம்மா” என்பார். இன்றும் தொழிற்சாலையில் மாதிரிக் கிளவுஸில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டுத்தான் ஓட்டை பார்க்கிறார்கள். அக்காவின் குமிழிச் சோதனையிலிருந்து அது அதிக தூரம் போய்விடவில்லை.

முதல் வகை, பவுடர் போட்ட லேடெக்ஸ், அதாவது ரப்பர் மரப்பாலில் செய்தது. விலை குறைவு, ஈரக்கையிலும் சரசரவென்று ஏறும், விரலோடு நன்றாக ஒட்டும். பாராட்ட இவ்வளவுதான். பவுடர் என்பது சோளமாவு. அது காயத்துக்குள் விழுந்தால் உடம்பு அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு கட்டி போடும், குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லேடெக்ஸ் புரதத்தைச் சுமந்துகொண்டு காற்றிலும் பறக்கும். 1980களின் பிற்பகுதியில் எய்ட்ஸ் பயத்தால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் கிளவுஸ் போடத் தொடங்கியபோது, மருத்துவமனை ஊழியர்களிடம் லேடெக்ஸ் அலர்ஜி பெருகியது. அமெரிக்கா 2016 டிசம்பரில் பவுடர் கிளவுஸைத் தடை செய்தது. நம்மூரில் இன்னும் வருகிறது. பொட்டலம் பிரிக்கும்போது விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகத் தூசி எழும்பும், பக்கத்து மேஜையில் வயிறு திறந்திருக்கும். இதை வாங்காதீர்கள். சில ரூபாய் மிச்சத்துக்கு இது தகாது.

இரண்டாவது, பவுடர் இல்லாத லேடெக்ஸ். எங்கள் தியேட்டரில் பெரும்பாலும் இதுதான். உள்பக்கம் மெல்லிய பூச்சு இருக்கும். கை நன்றாக உலர்ந்திருந்தால் வழுக்கிக்கொண்டு ஏறும், ஈரம் இருந்தால் நடுவிரலில் நின்றுவிடும். பிடிமானம் அருமை. ரத்தக் குழாயை இடுக்கிப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் நனைந்திருந்தாலும் நழுவாது. நீண்ட ஆபரேஷன்களில் கட்டைவிரல் அடியில் தசை களைக்கிறதா என்று பார்த்துத்தான் ஒரு கிளவுஸை நான் எடைபோடுவேன். நல்ல பவுடர் இல்லாத லேடெக்ஸ் அந்தச் சோதனையில் தேறும். மணிக்கட்டில் விளிம்பு சுருண்டு இறங்குவதுதான் இதன் குறை. கவுனின் கை நுனி வெளியே தெரிந்தால் அங்கே சுத்தம் போயிற்று. விளிம்பில் ஒட்டும் பட்டையோ, சுருளாத தடித்த ஓரமோ இருக்கும் மாதிரியைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, பாலிஐசோப்ரீன். ரப்பரின் அதே மூலக்கூறைச் செயற்கையாகச் செய்தது, மரத்தின் புரதம் கிடையாது. மென்மையில் லேடெக்ஸுக்கு மிக அருகில் வரும். எலும்பு ஆபரேஷனில் அதைப் போட்டு நின்றபோது கை களைப்பு எனக்குக் குறைவாகவே இருந்தது. விலை மட்டும் லேடெக்ஸைப் போலப் பல மடங்கு. எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. ஆனால் லேடெக்ஸ் அலர்ஜி உள்ள ஊழியருக்கும், முதுகெலும்புப் பிளவோடு பிறந்து பலமுறை ஆபரேஷன் ஆன குழந்தைகளுக்கும் இது கட்டாயம். ஒவ்வொரு தியேட்டரிலும் சில சைஸ்களில் இருப்பு இருக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: கை அரிப்பெல்லாம் லேடெக்ஸ் அலர்ஜி ஆகாது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனங்களாலும் தோல் அழற்சி வரும். அவை செயற்கைக் கிளவுஸிலும் இருக்கக்கூடும். தோல் மருத்துவரிடம், சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இரட்டைக் கிளவுஸ் பற்றி. உள்ளே பச்சை, மேலே வெளிர்நிறம் போடும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. மேல் கிளவுஸில் ஊசி முனை பட்டால் ஈரம் இறங்கி அந்த இடம் பச்சைப் பொட்டாகத் தெரியும், உடனே மாற்றிக்கொள்ளலாம். இரண்டு போட்டால் உள் கிளவுஸ் ஓட்டையாவது நன்றாகக் குறைகிறது என்பதை ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. எலும்பு ஆபரேஷனில் ட்ரில், வயர், எலும்பு முனை எல்லாம் கிழிக்கும். அங்கே ஒற்றைக் கிளவுஸோடு நிற்கச் சொன்னால் நான் மறுப்பேன். உள்ளே போடுவதை அரை சைஸ் பெரிதாக எடுத்துப் பாருங்கள், சிலருக்கு அது வசதி. தொடு உணர்ச்சி போய்விடுமே என்பார்கள். ஹால்ஸ்டெட் காலத்து சர்ஜன்களும் அதைத்தான் சொன்னார்கள். விரல் பழகிவிடும்.

என் அப்பா கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார், குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். காலாவதியான ஒரு ஜோடியை அவரிடம் காட்டினேன். இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். “ஷீட்டு அடிக்கிற பாலுல இது வராது மக்ளே, பாலாவே கம்பெனிக்குப் போவணும்” என்றார். சரிதான். ஷீட்டுக்குப் பாலை உறையவைத்துத் தகடாக்குவார்கள். கிளவுஸுக்குப் போவது உறையவிடாமல் அம்மோனியா சேர்த்து, சுழற்றிச் செறிவாக்கிய பால். அதில் பீங்கான் கை அச்சுகளை முக்கி எடுத்து வேகவைத்தால் கிளவுஸ். கரோலின் போட்ட முதல் ஜோடியின் காலத்தில் ஆசியாவின் தோட்டங்கள் குருத்து நிலையில்தான் இருந்தன. 1876இல்தான் பிரேசிலிலிருந்து விதை லண்டன் கியூ தோட்டத்துக்கும் அங்கிருந்து கன்றுகள் இலங்கைக்கும் வந்தன. உலகத்தின் ரப்பரில் பெரும்பகுதி அன்று அமேசான் காட்டு மரங்களிலிருந்து வந்தது.

அப்பாவின் விரல்களிலும் தோல் உரிந்திருக்கும். அவருக்கு யாரும் இதுவரை கிளவுஸ் கொடுத்ததில்லை.

வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: வழக்கமான ஆபரேஷன்களுக்குப் பவுடர் இல்லாத லேடெக்ஸ், எலும்புக்கும் ரத்தம் அதிகம் போகும் ஆபரேஷன்களுக்கும் பச்சை உள்கிளவுஸோடு இரட்டை, அலர்ஜிக்காரர்களுக்குத் தனி அலமாரியில் பாலிஐசோப்ரீன். ஆர்டர் போடுமுன் தியேட்டரில் இருக்கும் ஒவ்வொருவரின் கை அளவையும் எழுதி வாங்குங்கள், ஆறும் ஆறரையும் அந்தக் கணக்குப்படி வரட்டும். மாதிரி வந்தால் சர்ஜனிடம் ஒரு ஜோடி கொடுக்கும்போது ஸ்க்ரப் நர்ஸுக்கும் ஒரு ஜோடி கொடுங்கள், அதுவும் நீண்ட ஆபரேஷன் உள்ள நாளில். நர்ஸ்களுக்கு ஒன்று: டூட்டிக்கு வருமுன் கையில் தேங்காய் எண்ணெயோ எண்ணெய்ப்பசை க்ரீமோ தடவாதீர்கள், எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் இளகிப் பலவீனமாகும். இரவில் தடவுங்கள். கையில் அரிப்போ வெடிப்போ வந்தால் அதைத் தேதி போட்டு எழுதி இன்சார்ஜிடம் கொடுத்து, ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.